நிலாவில் தூங்கிய தவளையும் இருநூற்று ஐம்பத்தைந்தும்

ஒரு புதன்கிழமை மத்தியானம், ஏறக்குறைய இருபது நிமிடம், உலகத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அத்தனை பேரும் எங்கள் கம்பெனியின் தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொள்ளும் அளவுக்கு நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் சர்க்கரை, நிறைய வழுக்கை. இந்த வயதில் ஒரு மனிதன் நம்புவதற்கு ஊரில் எத்தனையோ நல்ல விஷயங்கள் இருந்தன. நான் போய் இதை நம்பினேன்.

தவளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது குழந்தைகளின் இரவு உடுப்பில் அச்சடிக்க வந்த தவளை. பிறை நிலாவைத் தலையணை மாதிரி கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி, வாயோரம் லேசாகச் சிரித்தபடி தூங்கும். வெளிநாட்டில் பெரிய கடை வைத்து எங்களிடம் உடுப்பு வாங்கும் பையர் அதை வரைந்து அனுப்பியிருந்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் அவர்கள் கடையில் தொங்கும்வரை அது வெளியார் கண்ணில் படக் கூடாது என்று எங்கள் முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பட்டால் ஆர்டர் ரத்து. ஆர்டர் ரத்தானால் தையல் தளத்தில் பாதி மிஷின்கள் மூன்று மாதம் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். அதில் உட்காருகிறவர்கள் வேறு கம்பெனி வாசலில் போய் நிற்பார்கள்.

எங்கள் ஊரில் ஒரு டிசைனை மறைத்து வைப்பது லேசான காரியம் இல்லை. டீக்கடையில் பைக்கை நிறுத்தி ஒரு வடை தின்பதற்குள், முன்னால் தொங்கும் கவரைப் பக்கத்தில் நிற்பவர் விரலால் தடவிப் பார்த்து, "நல்ல துணியா இருக்குதுங்க, பிரிண்ட் எங்கீங்க அடிச்சது?" என்று விசாரித்துவிடுவார். அதனால் எங்கள் சாம்பிள்கள் சோற்றுப் பையில்தான் பயணம் போகும். மேலே டிபன் கேரியர், கீழே மடித்து வைத்த துணி. முதலாளியே அப்படித்தான் கொண்டுபோவார். பிரிண்டிங் பட்டறையிலிருந்து வந்த முதல் தவளையின் மேல் லேசாக ரச வாசனை அடித்தது.

கம்பெனி திருப்பூர் நல்லூரில், பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. கீழே பின்னல் மிஷின்கள், முதல் மாடியில் கட்டிங், அடுத்த இரண்டு மாடியும் தையல், நான்காவதில் ஆபீசும் சாம்பிள் அறையும், அதற்கு மேல் மொட்டைமாடி. நான் அங்கே நூல் ஸ்டோரில் கணக்குப் பார்க்கச் சேர்ந்தவன். ஒருநாள் ஆபீஸ் பிரிண்டர் நின்றுபோனபோது அதன் விலாவில் ஒரு தட்டுத் தட்டினேன். ஓடிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு 'சிஸ்டம்' என்று பெயராகிவிட்டது. "சிஸ்டத்தக் கூப்பிடுங்க", "சிஸ்டம் சாப்பிடப் போயிருக்குதுங்க" என்றெல்லாம் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. ஸ்டோரில் பஞ்சுதான் பறந்தது, ஆபீசில் ஏ.சி. இருந்தது. மனச்சாட்சிக்காக ஆறு மாதம் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்வந்தேன்.

எங்களுக்கு மாடிப்படிதான் பெரிய பிரச்சினை. பையர் போனில் ஒன்று சொல்வார். முதலாளி அதைச் சாம்பிள் அறையில் சொல்வார். சாம்பிள் அறை தையலுக்குச் சொல்லும், தையல் கட்டிங்குக்கு, கட்டிங் பின்னலுக்கு. ஒவ்வொரு மாடி இறங்கும்போதும் சேதியிலிருந்து ஒரு நூல் உருவிக்கொண்டு போகும். ஒருமுறை பாக்கெட்டை அரை இஞ்ச் கீழே இறக்கச் சொன்னார்கள். கட்டிங் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது பாக்கெட்டே வேண்டாம் என்று ஆகியிருந்தது. விசாரித்தால் எல்லா மாடியிலும் ஒரே பதில்: "எனக்கு அப்படித்தானுங்க சொன்னாங்க."

தவளை ஆர்டர் வந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சிஸ்டம், பையர் அம்மா பேசறத இந்தத் தடவ எல்லா மாடியும் ஒரே நேரத்துல பாக்கோணும், கேக்கோணும். நாளைக்கு ஒருத்தரும் எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லப்படாது. ஆகுமுங்களா?"

"ஆகுமுங்ணா," என்றேன். இந்த 'ஆகும்' என்ற சொல்லை மட்டும் நான் மூளையிடம் அனுமதி கேட்காமலே சொல்லிவிடுவேன்.

"வெளிய போயிராதுங்களே? தவள பத்திரமுங்களே?"

"இந்த நாலு செவுத்துக்குள்ளதானுங்ணா."

இதையும் மூளையைக் கேட்கவில்லை.

அப்போது மொட்டைமாடிக் கம்பத்தில் ஒரு வெள்ளை டப்பா கட்டியிருந்தார்கள். காற்று வழியாக இன்டர்நெட் அதில் வந்து, ஒரு கறுப்பு வயரில் இறங்கி, ஆபீசுக்குள் நுழையும். பையர் அம்மா அந்த வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுவார். அதில் சிக்கல் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மற்ற மாடிகளில் இருந்த எட்டுக் கம்ப்யூட்டருக்கும் அந்தப் படத்தை அனுப்புவதில்தான் சிக்கல். முதல் ஒத்திகையில், எட்டுப் பேருக்கும் எட்டு நகல் அனுப்பிப் பார்த்தேன். ஒரே கடிதத்தை எட்டுத் தடவை எழுதி, எட்டையும் ஒரே தபால்காரர் தலையில் ஏற்றிவிடுவது போன்ற வேலை அது. ஐந்துவரை தாங்கியது. ஆறாவதைத் திறந்ததும் படம் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக நின்றுவிட்டது. ஒத்திகைக்குக் கேமரா முன் உட்கார்ந்திருந்தது நானேதான் என்பதால், நின்றுபோனது என் முகம்.

மூன்றாம் மாடித் தையலுக்கு ஒரு சூப்பர்வைசர் அக்கா இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் கம்பெனிக்கே அக்கா. அவர் திரையைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்து விசாரித்தார்.

"அண்ணாச்சி, ஒங்க மூஞ்சி பாதி தைச்சு பாதி விட்ட பீஸ் மாதிரில்லா இருக்கு. மிச்சத்த எங்க, கட்டிங்லயே மறந்துட்டு வந்துட்டீயளா?"

கோயமுத்தூரில் ஒரு காலேஜில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கணியூர்க்காரர். ஊரில் அவர்களுக்கு வாய்க்கால் பாசனத்தில் வயல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிற வழியில் திருப்பூரில் இறங்கினார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து என் முகம் உறைந்த கதையைச் சொன்னேன். சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"எட்டு நகல் எதுக்குங்க? ஒண்ணே ஒண்ணு விடுங்க போதும். எங்க வாய்க்கால்ல தண்ணி வர்ற மாதிரின்னு வெச்சுக்குங்க. மேல தொறந்து விடறது ஒருக்காத்தான். எவன் மடையத் தொறந்து வெச்சிருக்கறானோ அவன் வயலுக்குத் திரும்பும். மூடியிருந்தா நேராப் போயிரும்."

"அப்பக் கடேசி வயக்காரனுக்குத் தண்ணி கொறையுமுங்களே?"

"அங்கதானுங்க சூட்சுமமே. இது கொறையாத தண்ணி. பிரியற எடத்துல தன்னால இன்னொண்ணு ஆயிக்கும். எட்டுப் பேரு பாத்தாலும் எண்பது பேரு பாத்தாலும் நீங்க அனுப்பறது ஒண்ணுதான். மல்டிகாஸ்ட்டும்பாங்க."

குறையாத தண்ணீர். அந்த வார்த்தையில் எனக்குக் கிறுகிறுப்பாக இருந்தது. டீ ஆறிப்போனது. நண்பர் இன்னொன்றும் சொன்னார். குழுவுக்கென்று தனியாக ஒரு முகவரி உண்டு. ஆனால் அந்த முகவரியில் எந்தக் கம்ப்யூட்டரும் குடியிருக்காது. அனுப்புகிறவர் அந்த ஆளில்லாத முகவரிக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். வேண்டியவர்கள் தங்கள் மடையைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொள்வார்கள். யார் யார் கேட்கிறார்கள் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாது.

ஆளில்லாத வீட்டுக்கு ஒருவர் தினமும் கடிதம் போடுகிறார், அதை ஊரில் நாலைந்து பேர் அவரவர் வீட்டில் இருந்தபடியே படித்துவிடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். கணக்கு எழுதியே வாழ்ந்தவனுக்கு இப்படி ஒரு வீட்டைக் காட்டியிருக்கக் கூடாது. அன்று முழுக்க நான் அந்த வீட்டுத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அதற்கான புரோகிராமை நண்பர் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், ஒன்று முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஒரு எண்ணைப் போடச் சொல்லும் என்று அவர் ஆரம்பித்தபோது, கணியூர் பஸ் வந்துவிட்டது. "அது ஒண்ணுமில்லீங்க, போன்ல சொல்றேன்" என்று ஏறிவிட்டார். அவரும் போனில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பனியன் கம்பெனியில் ஊறியவனுக்கு எந்தக் குமிழையும் கடைசிவரை திருகித்தான் பழக்கம். ஃபேன் என்றால் ஐந்து, ரேடியோ என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கதவை அடைக்கும்வரை. இருநூற்று ஐம்பத்தைந்து போட்டேன். மறு ஒத்திகையில் எட்டுத் திரையும் தண்ணீர் மாதிரி ஓடின. என் முகம் எட்டு இடத்திலும் முழுசாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் கம்பெனி பயந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை வந்தது. பையர் அம்மாவுக்குக் காலை, எங்களுக்கு மத்தியானம். இரண்டரை மணிக்கு, சாப்பாடு இறங்கிக் கண் சொக்குகிற நேரத்தில், முதலாளி எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னார். ஓயாமல் இரைகிற கட்டிடம் அது. சத்தம் நின்றதும், எங்கோ தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல் காது அடைத்தது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

முதலாளி ஆபீசில் கேமரா முன் உட்கார்ந்தார். நான் மூன்றாம் மாடியில், அக்காவின் தளத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மடியில் அந்தப் புரோகிராமின் விளக்கத்தை அச்செடுத்த நாற்பது பக்கம். படிப்பதற்கில்லை, சிஸ்டம் என்றால் கையில் காகிதம் இருக்க வேண்டும். டெய்லர்கள் அறுபது பேர் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

திரை விழித்தது. ஒரு பாதியில் பையர் அம்மா. வெள்ளைத் தலைமுடி, கையில் ஒரு கோப்பை, பின்னால் மழை வழியும் ஜன்னல். மறுபாதியில் எங்கள் முதலாளி, போட்டோவுக்குப் போஸ் கொடுக்கிற கல்யாணப் பெண் மாதிரி விறைத்துக்கொண்டு. அந்த அம்மா வணக்கம் சொன்னார். எட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரே படம்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நூலிழை முன்னே பின்னே ஓடியது. அதனால் அந்த ஒரு வணக்கம் மேலே கேட்டு, எங்கள் தளத்தில் கேட்டு, கீழே கட்டிங்கில் கேட்டு, பின்னல் தளத்தில் போய் அடங்கியது. மாடிப்படியில் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனதுபோல் இருந்தது. எந்த மாடிப்படியில் எங்கள் வார்த்தைகள் எல்லாம் நூல் நூலாக உருவிப்போயினவோ, அதே படியில் ஒரு வார்த்தை முதன்முதலாக முழுசாக இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மத்தியானம் சாப்பிட்ட மிளகாய் பஜ்ஜியாகவும் இருக்கலாம்.

முதலாளி சோற்றுப் பையிலிருந்து தவளையை எடுத்துக் கேமரா முன் பிடித்தார். அறுபது பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவரவர் பங்குக்கு உடுப்பின் கையும் காலும் பட்டையுமாகத் தைத்திருந்தார்களே தவிர, முழுத் தவளையை யாரும் பார்த்ததில்லை. வெள்ளைத் துணியில், நீல நிலாவில், அது பாட்டுக்குத் தூங்கியது. பின்வரிசையில் ஒரு பெண் தன்னையறியாமல் கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி விட்டாள்.

"இது துவைச்சதுக்கு அப்புறம் எப்படி இருக்கும்?" என்று பையர் அம்மா இங்கிலீஷில் கேட்டார். முதலாளி தமிழில் சொன்னார்: "அக்காவ, வாஷ் சாம்பிள எடுத்துட்டு மேல வரச் சொல்லுங்க. கழுத்து அளவு எடுத்துட்டு வரோணும்." அந்தக் குரலும் ஒவ்வொரு மாடியாக இறங்கியது. அக்கா டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு படியேறிப் போனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த மிதப்பில், மடியில் கிடந்த காகிதத்தைப் புரட்டினேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை. அந்தப் பெட்டியில் போடும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அதில் போட்டிருந்தது. படம் வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும், அதாவது வழி பிரித்து அனுப்பும் பெட்டியையும், தாண்டும்போது அந்த எண்ணில் ஒன்று குறையும். பூஜ்யமானால் படம் அங்கேயே நின்றுவிடும். ஒன்று போட்டால் கட்டிடத்தை விட்டுப் போகாது. முப்பத்திரண்டு போட்டால் ஒரு வளாகம். அறுபத்து நான்கு என்றால் ஒரு வட்டாரம். நூற்று இருபத்தெட்டு என்றால் ஒரு கண்டம்.

இருநூற்று ஐம்பத்தைந்து: உலகம் முழுவதும்.

அதை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் உலகம் முழுவதுமாகத்தான் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். திரையில் தவளை தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோது அது மெதுவாகத் திரையைவிட்டுக் கிளம்பியது. மொட்டைமாடி வெள்ளை டப்பா வழியாக ஒரு சோப்புக் குமிழி மாதிரி வெளியேறி, பஸ் ஸ்டாப்புக்கு மேலே கொஞ்சம் தயங்கி, நொய்யலைத் தாண்டி, பாலக்காட்டுக் கணவாயில் எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு கடலில் இறங்கியது. நடுக்கடலில் ஒரு கப்பல்காரர் கம்ப்யூட்டரைத் திறந்து, நிலாவோடு தூங்கும் தவளையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரில் ஒரு கிழவர் தம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் மேஜையில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனார்கள். எல்லாரும் தங்கள் தங்கள் மடையைத் திறந்து வைத்திருந்தார்கள். குறையாத தண்ணீர், ஒவ்வொரு பிரிவிலும் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பூமி முழுக்கத் தவளை. அவர்களுக்கெல்லாம் மறுபாதியில் எங்கள் முதலாளி காதைக் குடைந்துகொண்டிருப்பதும் தெரிந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த நொடி, அந்தப் பார்வையாளர்கள் வரிசையில் இரண்டு ஆட்கள் தொப்பி கழற்றாமல் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து தவளையைப் படம் வரைவது தெரிந்தது. துணி போர்த்திய மிஷின்கள் தெரிந்தன. இப்போது என் பக்கத்தில் கொட்டாவி விடுகிற அறுபது பேரும் தெரிந்தார்கள். சோற்றுப் பையோடு ஏதோ ஒரு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். இந்த நாலு சுவருக்குள்தானுங்ணா என்று சொன்னது நான்தான்.

யோக்கியமான ஆள் என்ன செய்திருப்பான்? மாடியேறிப் போய், "அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க, ஒரு தப்பு ஆயிப்போச்சுங்க" என்று சொல்லியிருப்பான். ஆனால் அந்த எண்ணை மாற்ற வேண்டுமென்றால் முதலாளியின் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும். எட்டுத் திரையும் கறுக்கும். ஏன் என்று கேட்பார். சொல்ல வேண்டும். இத்தனை வேண்டும்களைக் கடப்பதைவிட, உலகத்துக்குப் போகிற வயரை மொட்டைமாடியில் வைத்தே பிடுங்கிவிடுவது எனக்குச் சுலபமாகத் தோன்றியது. காகிதத்தை ஸ்டூலில் போட்டுவிட்டு, பாத்ரூம் போகிற முகத்தோடு எழுந்து, படியில் ஏறி ஓடினேன். நான்காம் மாடியைத் தாண்டும்போது முதலாளியின் முதுகு தெரிந்தது. குனிந்துகொண்டேன். எதற்குக் குனிந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மொட்டைமாடியில் வெயில் வெள்ளையாகக் கொதித்தது. வேறெதையும் பார்க்காமல் கம்பத்துக்கு ஓடி, வெள்ளை டப்பாவின் அடியில் செருகியிருந்த வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கழன்று வந்தது. உலகம் அணைந்தது. கப்பல்காரர், கிழவர், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே இருட்டு. வயரைக் கையில் பிடித்தபடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். அப்படி ஒரு அமைதியை நான் கோயிலில்கூட அனுபவித்ததில்லை.

கண்ணைத் திறந்தேன்.

எனக்கு முன்னால், ரோட்டுப் பக்கத்துக் கொடியில், ஆறு தவளைகள் வரிசையாகத் தொங்கின. காற்றில் நிலாவோடு சேர்ந்து ஆடி ஆடித் தூங்கின. கீழே பஸ் ஸ்டாப்பில் பத்திருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா ஆறாவது தவளையின் கழுத்தில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்படி வேர்த்து வடியுது? கையில என்ன, பாம்பா?"

"அக்கா, இது... இதென்னங்க அக்கா இங்க?"

"வாஷ் சாம்பிள். மூணு வாஷ் போட்டாச்சு. மொத ரெண்டு வாஷும் நேத்து காய்ஞ்சுது, மூணாம் வாஷ் இன்னைக்கி."

"ரோட்டப் பாத்தாங்க காயப்போடறது?"

"வெயிலு இந்தப் பக்கந்தான அடிக்கி? கொடியில போட்டுக் காயவைக்கணும்னு லேபிள்ல அந்தம்மாதான எழுதியிருக்கு. மிஷின்ல போட்டுக் காயவச்சா அளவு வேற மாதிரி வரும். அப்புறம் என்னையத்தான் கேப்பீய."

"அக்கா, யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னு மொதலாளி கையெழுத்துப் போட்டிருக்காருங்க!"

அக்கா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களில் ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை. எல்லாரும் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்தும் இப்படித்தான் நின்னாவ," என்றார் அக்கா. "திருப்பூர்ல மொட்டமாடியில பனியன் காயிறத எவன் அண்ணாச்சி அண்ணாந்து பாக்கான்? சரி, நீங்க எதுக்கு ஓடியாந்தீய?"

சொன்னேன். எண்ணைச் சொன்னேன், அட்டவணையைச் சொன்னேன், கப்பல்காரரை மட்டும் விட்டுவிட்டேன். அக்கா டேப்பைச் சுருட்டியபடியே கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தம்மா எந்த வயர்ல வாராவ?"

நான் கையில் இருந்த வயரைப் பார்த்தேன்.

கீழேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது. இந்தத் தடவை கம்ப்யூட்டர் வழியாக வரவில்லை. "சிஸ்டம்! ஏனுங்க சிஸ்டம்!"

நான்காம் மாடியில் நாங்கள் இறங்கியபோது, திரையில் பையர் அம்மா வாயைப் பாதி திறந்தபடி உறைந்திருந்தார். துவைத்த தவளை வருவதற்கு முன்னால் ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறார்; ஆரம்பித்ததோடு போய்விட்டார். வந்தது சம்மதமா, மறுப்பா என்று முதலாளிக்குத் தெரியவில்லை. எல்லா மாடிக்கும் ஆள் அனுப்பிக் கேட்டார். பின்னல் தளம், "ஓக்கேன்னுட்டாங்க" என்றது. கட்டிங், "கழுத்த மாத்தச் சொன்னாங்க" என்றது. இரண்டாம் மாடித் தையல், "அந்தம்மா இருமினாங்க, அவ்வளவுதானுங்க" என்றது. எட்டுத் திரையிலும் ஒரே படம், ஒரே நேரம், எட்டு விதமான சேதி. மாடிப்படியை நான் அநியாயமாகக் குற்றம் சொல்லியிருந்தேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். வயரை இன்னும் கையிலேயே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. தப்பிக்க வழியில்லாமல் சொன்னேன்.

"அண்ணா, அந்தப் பொட்டியில இருநூத்தி அம்பத்தஞ்சு போட்டுட்டனுங்க. தவள ஒலகம் பூராப் போயிருச்சுங்க. அதான் புடுங்கிட்டனுங்க."

அவர் சோற்றுப் பையை எடுத்து, தவளையை அதற்குள் மடித்து வைத்து, அதன் மேல் டிபன் கேரியரை வைத்தார். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. திட்டியிருந்தால் தேவலை.

"ஒலகம் பூரான்னா," என்றார் கடைசியில், "எத்தன பேருங்க இருக்கும்?"

"அது அனுப்பறவங்களுக்குத் தெரியாதுங்ணா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். துவைத்த ஆறு தவளைகளையும் மேஜையில் வைத்துவிட்டு, கழுத்து அளவு கொஞ்சமும் சுருங்கவில்லை என்று சொன்னார். கொடி விஷயத்தை அவர் சொல்லவில்லை. நான்தான் சொல்லிவிட்டேன். ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டால் பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்கிற வியாதி எனக்கு உண்டு. முதலாளி எழுந்து மொட்டைமாடிக்குப் போய், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார். பையர் அம்மாவை வெளிநாட்டு லைனில் கூப்பிட்டு அளவைச் சொன்னார். அவர் ஏதோ சிரித்துப் பேசியது எங்களுக்கும் கேட்டது. "எழுதி அனுப்பறாங்களாமா," என்றார் முதலாளி போனை வைத்துவிட்டு. நாங்கள் மூன்று பேரும் ஃபேக்ஸ் மிஷினைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் கணியூர் நண்பருக்குப் போன் போட்டேன். ஒன்று போட வேண்டிய இடத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து போட்டதைச் சொன்னேன். மறுமுனையில் அவர் சிரித்து முடிக்கும்வரை ரிசீவரைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். நண்பர் சொன்னபடி, எண் எதுவாக இருந்தாலும், எங்களுக்கு இன்டர்நெட் கொடுத்தவர்கள் அப்படிப்பட்ட படத்தைத் தங்கள் ரவுட்டர் வழியாக விடுவதே இல்லை. மல்டிகாஸ்ட் தவளை எங்கள் கட்டிடத்தைத் தாண்டவில்லை. எட்டுக் கம்ப்யூட்டர்கள் அதைப் பார்த்தன. கம்ப்யூட்டர்களையெல்லாம் கோத்து வைத்திருந்த எங்கள் பழைய ஹப், கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் அதைக் கொடுத்ததால், வாசலருகில் இருந்த அட்டெண்டன்ஸ் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் திணறியது. மொட்டைமாடிக் கொடியில் தவளைகள் இரண்டு நாள் ரோட்டைப் பார்த்துத் தொங்கின. அதைப் பற்றி யாரும் எப்போதும் எதுவும் கேட்கவில்லை. பையரின் சம்மதம் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஃபேக்ஸில் வந்தது. அந்த மூன்று மாதமும் தையல் தளத்தில் எல்லா மிஷின்களும் ஓடின.